கை நீளம்

டிசம்பர் முதல் வாரமே பார்சல் வந்துவிட்டது.
முப்பத்திரண்டு கம்பளிச் சட்டைகள்,
நெஞ்சில் கொம்பு விரித்த மான்.
அன்று மண்டபத்தில் காற்றே இல்லை.
சாப்பாட்டுக்கூடச் சுவர் வியர்த்து வழிந்தது.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

அனுப்பியவர்களுக்கு ஒரு போட்டோ போக வேண்டும்,
எல்லோரும் சட்டையோடு, எல்லோரும் சிரித்தபடி.
கூடவே பிள்ளைகள் கைப்பட ஒரு கடிதம்.
இங்கிலீஷில் மாற்றுவது என் வேலை.
சாயர்புரத்திலிருந்து ஊழியத்துக்கென்று வந்து
பதினெட்டு வருஷத்தில்
நான் அதிகம் செய்தது ஜெபமல்ல,
இந்த மொழிபெயர்ப்புதான்.

டிக்சன் எழுதுவான்: 'சட்டை குத்துது.'
நான் எழுதுவேன்: சட்டை கதகதப்பாக இருக்கிறது.
ரெபினா எழுதுவாள்:
'அப்பாவ யாழ்ப்பாணம் ஜெயில்ல வச்சிருக்காங்க,
உங்க ஊர்ல பெரிய ஆளு யாரையாவது தெரியுமா?'
நான் எழுதுவேன்:
ரெபினா தகப்பனாருக்காகத் தினமும் ஜெபிக்கிறாள்.
பொய்யில்லை.
முள்ளை எடுத்துவிட்டு
மீனை ஊட்டுவது பொய்யா?
அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

இருபத்து மூன்றாம் தேதி
ஆபீஸ் மேஜையில் கத்தரிக்கோலைக் காணோம்.
நட்சத்திரத்துக்குத் தாள் வெட்ட வேண்டும்.
'யாருக்கோ கை நீளம்'
என்றாள் சமையல் சூசையம்மா.
அவள் பார்வை போய் நின்ற இடம் நம்புசெல்வி.

சின்னப்பாலத்துப் பிள்ளை.
நம்புநாயகிக்கு நேர்ந்து பெற்றது.
'பேர மட்டும் மாத்திறாதீங்க டீச்சர்'
என்று விட்டுப்போன அன்றே தாய் கேட்டாள்.
தலைமை அலுவலகப் படிவத்தில்
ஞானஸ்நானம் என்கிற கட்டத்தில்
மூன்று வருஷமாய் ஒரு கோடு போடுகிறேன்.
கோடு என்றால் என்ன அர்த்தம் என்று
கேட்டு எழுதினார்கள்.
பதில் போடவில்லை.
ஆண்டவரே, அந்தக் கோட்டை
நீர் எப்படி வாசிக்கிறீர்?

போட்டோவுக்கு மான்கள் வரிசையாக நின்றன.
அவளுடைய மானுக்கு மட்டும்
இரண்டு பக்கமும் கை இல்லை.

நான் அடிக்க ஓங்கினேன்.
எந்த அறிக்கையிலும் எழுதாதது,
இங்கே எழுதிவைக்கிறேன்.
அவள் விலகவில்லை.
'அம்மா பாசிக்குப் போகுது டீச்சர்' என்றாள்.
அவ்வளவுதான்.
கத்தரிக்கோல் மறுநாள் டிராயரிலேயே கிடந்தது,
வாயில் சிவப்பு நூலோடு.

பண்டிகையன்று மத்தியானம் தாய் வந்தாள்.
இலையில் கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது,
விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.
தீவுப் பாறைகளில்
மரிக்கொழுந்துப் பாசி பிய்த்துப் பிய்த்து
நகக்கண்ணெல்லாம் உப்புப் புண்.
சேலைக் கிழிசல் சுற்றித்தான் இறங்குவாள்,
தண்ணீருக்குள் அது அவிழ்ந்துவிடும்.

மகள் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.
கம்பளியில் தைத்த பத்து உறைகள்,
ஒவ்வொன்றும் ஒரு விரல் அளவு,
தையல் கோணல்மாணல்.
கட்டைவிரலுடையது சிறுத்துப்போய்
அதை மட்டும் பல்லால் நூலறுத்து
மறுபடி தைத்தாள்.
தாய் கையை விரித்துப் பார்த்தாள்,
திருப்பிப் பார்த்தாள்.
'ஃபாரஸ்ட்காரன் தூரத்துலயே கண்டுபிடிச்சிருவான்டி
இந்தச் செவப்புல.'
இருவரும் சிரித்தார்கள்.
சூசையம்மா ஒன்றும் பேசாமல்
இன்னொரு கரண்டி கறி கொண்டுபோனாள்.

இரவு பிள்ளைகள் தூங்கியபின்
கடிதக் கட்டை எடுத்து உட்கார்ந்தேன்.
வாசலில் மழை ஏறி
நட்சத்திரத்தின் தாள் பிய்ந்துபோய்
பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
நம்புசெல்வி எழுதியிருந்தது இவ்வளவுதான்:
'சட்டைக்கு தேங்ஸ். கை ரொம்ப நல்லா இருந்துச்சு.'

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றினேன்.
அடியில் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்:
அடுத்த வருஷமும் அனுப்புவதானால்
அளவு எதுவானாலும் சரி,
கை நீளமாக இருக்கட்டும்.